மண்டலவாரி விசாரணை: வேலூர்ப் பக்கத்து ஓ.பி.யில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

முட்டி வலி என்று வருகிற பாட்டி, மலம் கறுப்பாகப் போவதைத் தானாகச் சொல்ல மாட்டார். முட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிடுவார். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வருகிறவர் மூன்று வாரமாக இருமுவதைச் சொல்ல மாட்டார். இருமலுக்குத்தான் ஏற்கெனவே மெடிக்கலில் சிரப் வாங்கியாயிற்றே! உடம்பை இதயம், மூச்சு, வயிறு, நரம்பு என்று மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன தொந்தரவு என்று கேட்பதுதான் ஹவுஸ் சர்ஜன்கள் ‘ஆர்.ஓ.எஸ்.’ (Review of Systems) என்று சொல்லும் மண்டலவாரி விசாரணை. அதன் வேலை இதுதான். நோயாளி சொல்லத் தேவையில்லை என்று ஒதுக்கிவைத்ததைக் கேட்டு வாங்குவது.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் இதை எண்ணிப் பார்த்துக் கட்டணம் போட்டார்கள். 1995, 1997 வழிகாட்டுதல்களின்படி மொத்தம் 14 மண்டலங்கள். பத்தோ அதற்கு மேலோ கேட்டதாகப் பதிவு இருந்தால் ‘முழுமையான விசாரணை’. கேட்டார்களோ இல்லையோ, கட்டங்களில் டிக் விழுந்தது. 2021 முதல் ஓ.பி. வருகைக்கும், 2023 முதல் உள்நோயாளிகளுக்கும் அந்தக் கணக்கையே விட்டுவிட்டார்கள். நம் ஊரில் அப்படி ஒரு கட்டண முறை எப்போதுமே இல்லை. ஆனால் சாஃப்ட்வேரோடு அந்த டெம்ப்ளேட் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கிளிக்கில் ‘மற்ற மண்டலங்கள் இயல்பு’ என்று விழுகிறது. அடுத்த ஷிஃப்ட் டாக்டர் அதை நம்பித்தான் முடிவெடுக்கிறார். கேட்காத கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிவைப்பதைவிட எழுதாமல் விடுவது எவ்வளவோ மேல்.

வெளியே வரிசை நிற்கும்போது 14 மண்டலத்தையும் ஒப்பிக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. எல்லோரிடமும் கேட்க வேண்டியவை பசி, எடை, தூக்கம், காய்ச்சல், மூச்சு ஆகிய ஐந்து. அதற்கு அரை நிமிஷம் போதும். பிறகு வந்த புகாரை ஒட்டிய மண்டலங்களை விரிவாகக் கேட்கலாம். மிச்சத்தைப் புது நோயாளி, அட்மிஷன், அறுபதைத் தாண்டியவர், காரணம் பிடிபடாத புகார் ஆகிய நாலு பேருக்கும் கட்டாயமாகக் கேட்க வேண்டும். அதைப் பரிசோதனையோடு சேர்த்துவிட்டால் தனியாக நேரம் பிடிக்காது. நாடி பார்க்கும்போது படபடப்பு, ரத்தசோகைக்கு இமையை இழுத்துப் பார்க்கும்போது மாதவிடாயும் மூலமும், வாயைத் திறக்கச் சொல்லும்போது விழுங்குவது, காலை அழுத்தும்போது வீக்கம், மரத்துப்போவது. கை ஒரு வேலை செய்யும்போது வாய் இன்னொன்று கேட்டால் நோயாளியும் சகஜமாகப் பதில் சொல்கிறார்.

கேள்வி கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது, ஒரே மூச்சில் நாலு கேள்வி: “காய்ச்சல், இருமல், சளி, மூச்சுத்திணறல் ஏதாவது இருக்காம்மா?” அந்த அம்மா கடைசியாகக் காதில் விழுந்ததற்கு மட்டும் “இல்லைங்க” என்பார். நாலும் இல்லை என்று பதிவாகிவிடும். இரண்டாவது, ‘இருக்கா, இருக்கா’ என்று ஒரே தாளத்தில் போவது. ஐந்தாவது கேள்விக்குப் பிறகு பதிலும் அதே தாளத்தில் வரும். சிலருக்கு எல்லாமே ஆமாம், சிலருக்கு எல்லாமே இல்லை. நடுவில் ஆமாம் இல்லை என்று சொல்ல முடியாத கேள்வி ஒன்றைப் போட வேண்டும்: “நைட்டு யூரினுக்கு எத்தினி தடவ எழுந்துக்கறீங்க?”, “மோஷன் என்ன கலர்ல போவுது?” மூன்றாவது, தலையசைப்பை வைத்து எழுதுவது. நம் தலையசைப்பில் ஆமாமும் உண்டு, ‘கேட்டுக்கிட்டிருக்கேன், சொல்லுங்க’ என்பதும் உண்டு. வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

ஆமாம் என்று வந்துவிட்டால் அதோடு மூன்று சங்கதி சேர்ந்தால்தான் அது தகவல். எப்போதிலிருந்து, எவ்வளவு, அதனால் எந்த வேலை நின்றுபோனது. மூன்றாவதுதான் முக்கியம். “மூச்சு வாங்குது” என்பது எதுவாகவும் இருக்கலாம். “ஆறு மாசம் முன்னாடி கொழாயடியிலேர்ந்து ரெண்டு கொடம் தூக்கியாருவேன், இப்ப ஒரு கொடத்துக்கே நடுவுல எறக்கி வெச்சுடறேன்” என்பது கிட்டத்தட்ட ஒரு ரிப்போர்ட்.

மூச்சையும் நெஞ்சையும் பற்றிப் பாடப்புத்தகம் சொல்லும் இரண்டு கேள்விகள் இங்கே அப்படியே எடுபடுவதில்லை. ‘எத்தனை மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது?’ என்பது முதல் கேள்வி. குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்தில் மாடி ஏது? காட்பாடி ஸ்டேஷன் ஓவர்பிரிட்ஜ், ஆடிக்கிருத்திகைக்கு ரத்தினகிரிப் படி, திருவண்ணாமலை கிரிவலம் என்று கேட்டால் உடனே பிடிபடும். கிரிவலம் 14 கிலோமீட்டர், எல்லோருக்கும் தெரிந்த அளவு. போன வருஷம் நிற்காமல் சுற்றியவர் இந்த வருஷம் எங்கெங்கே உட்கார்ந்தார் என்று கேட்டாலே இதயத்தின் கதை பாதி வந்துவிடும். நிறுத்தியது மூச்சா, நெஞ்சு இறுக்கமா, கெண்டைக்கால் வலியா, முட்டியா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பீடி குடிக்கிறவருக்குக் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சில நிமிஷத்தில் விட்டுப்போகிறது என்றால் அது காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு. தைலம் தேய்க்கிற சமாசாரம் இல்லை.

இரண்டாவது, ‘எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?’ பாயில் படுக்கிறவருக்கு ஒரு தலையணை இருந்தாலே அதிகம். “மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுதா? சொவத்துல சாஞ்சுக்கிட்டே தூங்கறீங்களா?” என்று கேட்டால் பதில் வரும். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் திடுக்கென்று எழுந்து, காற்று வேண்டி வாசலுக்கு ஓடி, கால் மணி அரை மணி உட்கார்ந்த பிறகு சரியாகிறது என்றால் இதயத்தை நினைக்க வேண்டும். விடியற்காலை மூன்று நாலு மணிக்கு விசிலும் இருமலுமாக எழுந்தால் ஆஸ்துமாவை. ‘இழுப்பு’ என்று சொன்னால் மட்டும் ஒரு தடவை நிறுத்திக் கேளுங்கள். சில வீட்டில் அது வீசிங், சில வீட்டில் வலிப்பு.

“நெஞ்சாண்ட ஒரு மாதிரியா கீது, கேஸுன்னு நெனைக்கறேன்.” இந்த வாக்கியம் வராத ஓ.பி. கிடையாது. எங்கே என்று கேட்டுவிட்டு நோயாளியின் கையைப் பாருங்கள். ஒற்றை விரலால் ஒரு புள்ளியைக் காட்டினால் இதயமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. உள்ளங்கையை விரித்தோ முஷ்டியை மூடியோ நடு நெஞ்சில் வைத்தால் இதயத்தை நினைக்க வேண்டும். வேர்த்ததா, தாடையிலோ இடது கையிலோ போனதா, சாப்பிட்டு நடந்தால் வருகிறதா, நின்றால் ஐந்து பத்து நிமிஷத்தில் போகிறதா? சர்க்கரைக்காரருக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சு, வேர்வை, வாந்தி, அசதியாகவும் வரும். சந்தேகம் வந்தால் மிச்ச மண்டலங்களை விட்டுவிட்டுப் பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. ஜெலுசில் கொடுத்து வலி குறைகிறதா என்று பார்ப்பது பரிசோதனை ஆகாது. மாரடைப்பு வலியும் தானாக ஏறி இறங்கும்.

கால் வீக்கத்துக்கு ஒரு குறுக்கு விசாரணை. காலையில் முகமும் இமையும் ஊதினால் சிறுநீரகம். சாயந்திரம் செருப்பு வார் பதிந்தால் இதயம், நரம்புச் சுருள் (வெரிகோஸ் வெயின்), அல்லது வெறுமனே பிரஷருக்குப் போடும் அம்லோடிபின். அதே பிரஷருக்கு எனலாபிரில் போடுகிறவர் வறட்டு இருமலோடு மாதக்கணக்கில் சிரப் குடித்துக்கொண்டிருப்பார். அதனால்தான் எந்த மண்டலத்தைக் கேட்டாலும் மஞ்சப்பையைக் கவிழ்த்து மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட வேண்டும். மெட்ஃபார்மினுக்கு வயிறு கலங்கும், ரிஃபாம்பிசினுக்கு யூரின் ஆரஞ்சாகும், எத்தாம்பியூட்டாலுக்குப் பார்வை மங்கும், கிளிமிபிரைடுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் கைநடுங்கி வேர்க்கும். ரம்ஜான் மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்திலிருந்து வரும் சர்க்கரைக்காரரிடம் நோன்பு வைக்கிறீர்களா, மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றினீர்கள், நாலு மணி வாக்கில் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் அனுப்பக் கூடாது. நாட்டு மருந்துப் பொட்டலம், ‘வலிக்கு ஒரு ஊசி’ இரண்டும் அட்டையில் இருக்காது, தனியாகத்தான் கேட்க வேண்டும். “இங்கிலீஷ் மருந்து தவிர வேற என்ன சாப்பிடறீங்க?” என்று திட்டாத குரலில் கேட்டால் பொட்டலமும் வெளியே வரும். பெயர் தெரியாத பொட்டலத்தில் முட்டி வலி மூன்றே நாளில் மாயமாய்ப் போய், முகம் உருண்டையாகிக்கொண்டே வந்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சட்டென்று நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு.

முட்டி வலிப் பாட்டியிடம் கேட்பது ஏறக்குறைய இப்படிப் போகும்:

“முட்டி வலிக்கு என்னம்மா போடறீங்க?”

“மெடிக்கல்ல குடுக்கற மாத்திரதாம்ப்பா. செவப்பு ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு.”

“எப்பலேர்ந்து?”

“பொங்கலுக்கு முன்னாடி புடிச்சு. வலி வந்தாதான் போடுவேன்.”

“வாரத்துல எத்தினி நாள் வரும்?”

“தெனமும்தான் வருது.”

“மோஷன் என்ன கலர்ல போவுது?”

“கறுப்பா போவுது. சூடுன்னு வுட்டுட்டேன்.”

“தண்ணி ஊத்துனா போயிடுதா, தாரு மாதிரி ஒட்டிக்குதா?”

“ஒட்டிக்குதுப்பா. நாத்தம் தாங்கல.”

“சத்து மாத்திர, ரத்த மாத்திர ஏதாவது சாப்பிடறீங்களா?”

“அதெல்லாம் இல்ல.”

“நடந்தா மூச்சு வாங்குதா?”

“ரேஷன் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு எடத்துல குந்திட்டேன்.”

‘கறுப்பாகப் போகிறதா?’ என்று கேட்டிருந்தால் கூச்சத்தில் இல்லை என்றுகூடச் சொல்லியிருப்பார். என்ன நிறம் என்று கேட்டதால் நிறத்தைச் சொன்னார். இரும்புச் சத்து மாத்திரைக்கும் மலம் கறுக்கும், ஆனால் தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. இனி முட்டி காத்திருக்கலாம். வலி மாத்திரையை நிறுத்தி, நாடி, படுத்தும் நின்றும் பிரஷர், ஹீமோகுளோபின் பார்த்து, இரைப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்க அனுப்ப வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ ஆஸ்பிரினோ போடுகிறாரா என்பதையும் சீட்டில் எழுத வேண்டும்.

வயிற்றுப் பகுதியில் விட்டுவிடக் கூடாத இன்னொரு கேள்வி விழுங்குவதைப் பற்றியது. “விழுங்க முடியுதா?” என்றால் முடிகிறது என்பார்கள், ஏனென்றால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள். “சோறு எறங்கலன்னு தண்ணி குடிச்சுத் தள்றீங்களா? கஞ்சிக்கு எப்ப மாறினீங்க?” என்று கேளுங்கள். முதலில் சோறும் இட்லியும் நின்று, பிறகு கஞ்சி, பிறகு தண்ணீரும் கஷ்டம் என்று படிப்படியாக வந்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தும்வரை விடக் கூடாது. ஆரம்பத்திலிருந்தே சோறும் தண்ணீரும் சேர்ந்தே சிக்கினால் குழாயின் அசைவுக் கோளாறு. புகையிலை, பாக்கு அடக்குகிறவரை வாயைத் திறக்கச் சொல்லி அவருடைய மூன்று விரலை நிற்க வைத்து உள்ளே விடச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் கன்னத்தின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

எடை பற்றியும் மறைமுகமாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சர்க்கரைக்காரருக்கு இளைத்தால் சந்தோஷம், டயட்டு வேலை செய்கிறது என்று நினைப்பார். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்தீர்களா, பெல்ட்டில் புது ஓட்டை போட்டீர்களா, வளையல் நழுவுகிறதா? முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம் ஒரு வருஷத்துக்குள் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோவில் 3 கிலோ போனால், காரணம் தேட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருந்தால் சளிப் பரிசோதனை. ராத்திரி வேர்வை என்பது டி.பி.க்குப் புத்தக அடையாளம்தான். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வேர்க்காதவர் யார்? “ஃபேனுக்கு அடியிலயும் உங்களுக்கு மட்டும் வேர்த்து, துணி மாத்தற அளவுக்கு நனையுதா?” என்றால் கொஞ்சம் உருப்படியான பதில் கிடைக்கும்.

காய்ச்சல் ஐந்தாறு நாளைத் தாண்டினால் தோல் மண்டலத்தை வாயால் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் வேலூர், சித்தூர்ப் பக்கம் ஸ்க்ரப் டைஃபஸ் வரும், பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான். கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிச் சிவப்பு வளையம். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது, “உடம்புல புண் இருக்கா?” என்றால் இல்லை என்றுதான் வரும். தேட வேண்டிய இடங்கள்: அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், விதைப்பை, காதுக்குப் பின்னால், முதுகு, புடவையோ வேட்டியோ இறுகும் இடுப்பு. பாவாடை நாடாவுக்கு அடியில் பார்க்காமல் இல்லை என்று எழுதக் கூடாது. அக்குள் மாதிரி ஈரமான இடத்தில் பொருக்கு ஊறி உதிர்ந்து, வெளிறிய ஆழமில்லாத புண்ணாக நிற்கும், கறுப்பைத் தேடினால் தப்பிவிடும். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் அந்தப் பகுதியை இன்னொரு முறை பாருங்கள். பெண் நோயாளிக்குத் திரை போட்டு நர்ஸ் உடனிருக்கப் பார்க்க வேண்டும். கூச்சத்துக்குப் பயந்து விட்டால், டாக்ஸிசைக்ளினில் இரண்டு நாளில் இறங்க வேண்டிய காய்ச்சல் மூச்சுத்திணறலாக ஐ.சி.யூ.வுக்குப் போகும். பொருக்கைச் சுற்றிப் பெரிதாக வீங்கியிருந்து, செத்த ஆட்டை அறுத்தவர் அல்லது பச்சைத் தோலைக் கையாண்டவர் என்றால் ஆந்த்ராக்ஸையும் நினைக்க வேண்டும். தோல் தொழில் நடக்கிற மாவட்டத்தில் இது புத்தகத்து வியாதி மட்டும் இல்லை.

டெங்குவில் கேள்வியின் நேரம் முக்கியம். “காய்ச்சல் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போறோம்” என்கிற நாளில்தான் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், யூரின் குறைவு, சுருண்டு படுத்தல் எல்லாவற்றையும் மறுபடி கேட்க வேண்டும். காய்ச்சல் இறங்கும் நேரமும் ரத்த அழுத்தம் விழும் நேரமும் ஒன்றுதான்.

நரம்பு மண்டலத்துக்குச் சுத்தியலைவிட வீட்டு வேலைதான் நல்ல கருவி. தரையில் குந்தி எழுந்திருக்க முடியவில்லை, கொண்டை போடவோ கொடியில் துணி காயப்போடவோ கை தூக்க முடியவில்லை என்றால் இடுப்பு, தோள் பக்கத்துத் தசை பலவீனம். செருப்பு காலில் நிற்காமல் நழுவுகிறது, பூட்டில் சாவி திருக முடியவில்லை, ஜாக்கெட் ஹூக் மாட்ட முடியவில்லை என்றால் கை, கால் முனைப்பகுதித் தசை பலவீனம். பீடி சுற்றும் அம்மாவிடம் நாளைக்கு எத்தனை சுற்றுவீர்கள், இப்போது எத்தனை என்று கேட்டால் விரல்களின் நிலை எண்ணாகவே கிடைத்துவிடும்.

உணர்ச்சிக்குச் செருப்புக் கேள்வி: “செருப்பு கழண்டு வுழுந்தா தெரியுதா, யாராவது சொன்னாதான் தெரியுதா?” நழுவுவது தெரிந்தும் பிடிக்க முடியவில்லை என்றால் பலவீனம். நழுவியதே தெரியவில்லை என்றால் உணர்ச்சிக் குறைவு. இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடுகிறவர்கள் நிறைய. கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறதா, இருட்டில் வரப்பில் நடக்க முடியவில்லையா என்பது கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வுக்கு. சூடான தோசைக்கல் பட்டும் கை சுடவில்லை, கொப்பளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது என்றால், சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடம்பு முழுக்க வெளிறிய மரத்த தேமலைத் தேடுங்கள். காட்பாடிக்குப் பக்கத்திலேயே கரிகிரியில் தொழுநோய்க்கென்று ஆஸ்பத்திரி இருக்கும் பகுதி இது. தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று கேட்காமல் விட்டால் விரல் மடங்கிய பிறகுதான் கண்டுபிடிப்போம்.

‘மயக்கம்’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. நாலாகப் பிரித்துக் கேட்க வேண்டும். ரூம் சுத்துதா? எழுந்தா கண்ணு இருட்டுதா? நடந்தா தள்ளாடுதா? நினைவு போய் விழுந்தீங்களா? படுக்கையில் புரண்டால் சில விநாடி சுற்றி நின்றால் காதின் உட்பகுதி. எழுந்தால் இருட்டினால், படுக்க வைத்து ஒரு முறையும் எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒரு முறையும் பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் பிரஷர் மாத்திரை, பிராஸ்டேட் மாத்திரை, ரத்த இழப்பு என்று தேட வேண்டும். நினைவு போய் விழுந்தவருக்கு ஈ.சி.ஜி. இல்லாமல் வீடு கிடையாது. விழுந்ததைப் பார்த்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், நோயாளிக்கு அந்த நிமிஷம் தெரியாது.

தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று வந்தால், இமை கனக்கிறதா, இரண்டாகத் தெரிகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று கேட்பதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. கட்டுவிரியன் கடித்த தடம் பல சமயம் இருக்காது, வீக்கமும் இருக்காது. அல்சர் ஊசி போட்டுப் படுக்க வைத்தால் மூச்சு நிற்கும்போதுதான் தெரியும்.

யூரின் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கோடையில் நீர்க்கடுப்பு எல்லாம் சூடு அல்ல. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க வலி, ரத்த நிறம் மூன்றில் ஒன்று இருந்தால் இளநீரோடு விடக் கூடாது. வயதான ஆணிடம் ஆரம்பிக்க நேரம் ஆகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, முடித்த பிறகும் மிச்சம் நிற்கிற மாதிரி இருக்கிறதா.

பெண்களிடம் கடைசி மாதவிடாய் தேதி கேட்டால் நாள் வராது. ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போனீங்களா என்று கேட்டுக் காலண்டரில் எண்ணிக்கொள்ளலாம். அளவுக்கு, ஒரு நாளைக்கு எத்தனை பேட் என்பதைவிட ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைந்துவிடுகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா என்பது சரியான கேள்வி, துணி வைக்கிறவருக்கும் பொருந்தும். நின்று ஒரு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால் ஒரு சொட்டானாலும் கர்ப்பப்பையைப் பார்த்தே ஆக வேண்டும். ‘திரும்பவும் வந்திருக்கு, உடம்பு நல்லாயிருக்குபோல’ என்று நினைத்துச் சொல்லாமல் இருக்கிறவர்கள் உண்டு. இந்தக் கேள்விகளை மாமியாரோ மகனோ பக்கத்தில் நிற்கும்போது கேட்பது கேட்காததற்குச் சமம். “எடை பார்க்கணும், நீங்க மட்டும் வாங்கம்மா” என்று உள்ளே கூப்பிட்டுவிடலாம்.

மனநிலையையும் அந்தத் தனிமையிலேயே கேட்டுவிடுவது உத்தமம். தூக்கம் வரவில்லை, எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிறார், எந்த மண்டலத்திலும் ஒன்றும் பொருந்தவில்லை என்றால், இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா, வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறதா, ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்தீர்களா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக அனுப்பக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள், ஆனால் எண்ணைக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. வாந்தி, வயிற்று வலி என்று மட்டும் வரும் இளம் வயதினரிடம் பூச்சி மருந்தையும், ஒடுவந்தழை என்ற விஷ இலையையும் பெயர் சொல்லியே கேளுங்கள். ஒடுவந்தழை அரைத்துக் குடித்தவர் முதல் நாள் நன்றாகவே பேசுவார். பொட்டாசியம் இறங்கி, ரத்தத்தில் அமிலம் ஏறி, இதயத் துடிப்பு பிசகுவது பிறகுதான்.

தொழில் எந்த மண்டலத்திலும் சேராது, எல்லா மண்டலத்திலும் நுழையும். “கூலி” என்ற பதிலோடு நிற்காமல் எதைத் தொடுகிறார், எதை மூச்சில் இழுக்கிறார் என்று கேட்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் குரோமியத்தோடு வேலை என்றால் கைவெடிப்பு, ஆறாத குழிப்புண், மூக்கில் பொருக்கும் ரத்தமும், வீசிங். ஷூ கம்பெனியில் பசை ஒட்டுகிறவருக்குக் கால் மரத்துப்போனால் பசையிலுள்ள ஹெக்சேனையும் சந்தேகிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை லீவில் குறைந்து, வேலைக்குப் போனதும் கூடுகிறதா என்ற ஒரே கேள்வி பல டெஸ்டை மிச்சப்படுத்தும்.

வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பவர் வழியாகக் கேட்கும்போது ஒரு தடவைக்கு ஒரே கேள்வி. நோயாளி ஒரு நிமிஷம் பேசி, மொழிபெயர்ப்பவர் “இல்லையாம்” என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் அங்கேயே நிறுத்தி, அவர் சொன்னதை முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள்.

எழுதும்போது எண்ணோடு எழுதுங்கள்: ‘3 வாரமாக மூச்சு. ஒரு குடம் தூக்கினால் நிற்கிறார். சாய்ந்தே தூங்குகிறார். கால் வீக்கம் சாயந்திரம். நெஞ்சு வலி, காய்ச்சல், ரத்தம் கலந்த சளி இல்லை. மாதவிடாய் கேட்கவில்லை, உடன் மகன்.’ கடைசி வரியைப் பார்க்கிற அடுத்த டாக்டருக்கு எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியும். அட்மிட் ஆன காய்ச்சல்காரருக்கு மறுநாள் ரவுண்ட்ஸில் முதல் நாள் பதிவைக் காப்பி பேஸ்ட் செய்யாமல் மூச்சு, யூரின் அளவு, வயிற்று வலி, ரத்தக் கசிவு, பேச்சில் குழப்பம் ஐந்தையும் புதிதாகக் கேட்டு, கேட்ட நேரத்தையும் எழுத வேண்டும். பேச்சுக் குழப்பத்தை நோயாளியிடம் கேட்காமல், ராத்திரி கூடப் படுத்திருந்தவரிடம் கேளுங்கள்.